இறந்தவங்களுக்கும் தட்டு வைக்கிற ஊமைச் சாப்பாடு: கூப்பிட்டா போகலாமா?

அயர்லாந்துல மீத் கவுன்ட்டில குடியிருக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. பக்கத்து வீட்டு அம்மா தன்னை விட்ச்னு சொல்லிக்கிறவங்க, அக்டோபர் 31 ராத்திரி 'டம்ப் சப்பர்'னு ஒரு சாப்பாட்டுக்குக் கூப்பிடுறாங்க, யாரும் வாய் திறக்கக் கூடாதாம், இறந்தவங்களுக்கு ஒரு தட்டு தனியா வைப்பாங்களாம், உங்க வீட்டுப் பெரியவங்க போட்டோவும் அவங்களுக்குப் பிடிச்ச பண்டமும் கொண்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. எங்க மாமியார் தவறி ஏழு மாசம்தான் ஆகுது, இது சூனியமா, போகலாமா, போனா என்ன செய்யணும்னு கேள்வி.

போகலாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல சூனியம்னா ஒருத்தர் குடும்பத்தைக் கெடுக்க வைக்கிறது, அந்த அம்மா சொல்ற விட்ச்கிராஃப்ட் அது இல்ல. பிரிட்டன்ல 1951ல பழைய விட்ச்கிராஃப்ட் சட்டத்தை ரத்து பண்ணாங்க, 1954ல ஜெரால்ட் கார்ட்னர்னு ஒருத்தர் விட்ச்கிராஃப்ட்டைப் பத்தி புத்தகம் போட்டார், அங்கிருந்து பரவினதுதான் இன்னைக்கு விக்கான்னு சொல்ற வழிபாடு. அந்தக் கார்ட்னர் இளவயசுல சிலோன் தேயிலைத் தோட்டத்துலயும் அப்புறம் மலாயா ரப்பர் தோட்டத்துலயும் வேலை பார்த்தவர், அதாவது நம்ம ஜனங்க கூலிக்குப் போன அதே தோட்ட உலகம். இவங்க வருஷத்துல எட்டு நாளை விசேஷமா வைக்கிறாங்க, அதுல இறந்தவங்களுக்கானது சவின்.

எழுத்துல ஸம்ஹைன் மாதிரி இருக்கும், வாய்ல சவின். ஐரிஷ் மொழியில நவம்பர் மாசத்துக்கே இன்னும் இதான் பேரு. கோடை மேய்ச்சலுக்குப் போன மாட்டை வீட்டுக்கு ஓட்டிட்டு வந்து குளிர்காலத்துக்குள்ள நுழையுற நேரம், நாள் கணக்கு பொழுது சாய்ஞ்சதும் ஆரம்பிக்கும், அதனாலதான் 31 ராத்திரியே நவம்பர் 1 ஆயிடுது. உங்க மீத் கவுன்ட்டியிலயே ஆத்பாய் ஊர் பக்கத்துல டிலாக்டான்னு ஒரு குன்று இருக்கு, சவின் அன்னைக்கு அங்க பெரிய நெருப்பு மூட்டினாங்கன்னு 17ம் நூற்றாண்டு ஐரிஷ் வரலாற்று நூல் ஒண்ணு சொல்லுது. ஒரு ஞாயித்துக்கிழமை போய்ப் பாருங்க.

இப்ப உங்க பக்கத்து வீட்டம்மாகிட்ட சட்டுனு சொல்லிடாதீங்க, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்: பேசாம சாப்பிடுற இந்த வழக்கம் முதல்ல இறந்தவங்களுக்கானதே இல்ல. இங்கிலாந்துலயும் அமெரிக்க மலைப்பக்கத்துலயும் வயசுப்பொண்ணுங்க நடுராத்திரி ஒண்ணும் பேசாம, பின்பக்கமா நடந்து, எல்லாத்தையும் தலைகீழா செஞ்சு மேஜை போடுவாங்க, கட்டிக்கப் போறவன் உருவம் வந்து காலி நாற்காலியில உக்காரும்னு நம்பிக்கை. மாப்பிள்ளை பார்க்குற சடங்கு அது. அதை முன்னோருக்கான விருந்தா மாத்தினது ரொம்ப பின்னாடி, இந்தக் காலத்து விட்ச்சுங்க. அதனால பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன், துக்கத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு மணி நேரம் பேசாம உக்கார இடம் கிடைக்கிறது பெரிய விஷயம்.

ஆனா நிஜமாவே பழசு ஒண்ணு ஐரிஷ் வீடுகள்ல இருந்துச்சு, எனக்கு அதுமேலதான் மனசு. நவம்பர் 2 ஆல் சோல்ஸ் டே, கத்தோலிக்கங்க இறந்த எல்லாருக்காகவும் ஜெபிக்கிற நாள், அதை ஒட்டின ராத்திரி, சில இடத்துல முந்தின ராத்திரிகள், வீட்டு ஆத்மாக்கள் திரும்பி வரும்னு நம்பினாங்க. வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கணப்புல நெருப்பு அணையாம பார்த்து, நாற்காலியை எல்லாம் நெருப்பைச் சுத்திப் போட்டு, மேஜையில ஒரு கிண்ணம் ஊத்துத் தண்ணி வச்சு, போனவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி, கதவைத் தாழ் போடாம விட்டுட்டு சீக்கிரமே படுக்கப் போயிடுவாங்க. மந்திரம் கிடையாது, வா வான்னு கூப்பிடுறதும் கிடையாது. குளிர்ல வர்றவங்க காய்ஞ்சுக்கட்டும், தாகத்துக்குத் தண்ணி இருக்கட்டும், அவ்வளவுதான். கடலுக்கு அந்தப்பக்கம் பிரிட்டனிங்கிற (Brittany) பகுதியில, அதாவது பிரான்சோட மேற்கு மூலையில, அதே ராத்திரி மேஜையில பான்கேக்கும் பாலும் சைடரும் விட்டு வைப்பாங்க. மகாளய அமாவாசைக்கு படையல் போட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவே வேணாம்.

சரி, அன்னைக்கு என்ன செய்யணும். போட்டோ ஒரிஜினல் வேணாம், பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, மேஜை முழுக்க மெழுகுவர்த்தி இருக்கும். மாமியாருக்கு என்ன பிடிக்குமோ அதையே செய்ங்க, வத்தக்குழம்புன்னா வத்தக்குழம்புதான், ஐரிஷ்காரங்க ருசிக்காக காரத்தைக் குறைக்காதீங்க, ஆனா முந்திரி, நிலக்கடலை, எள்ளு போட்டிருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, அலர்ஜி வந்தா பேச முடியாத இடத்துல கஷ்டம். பொதுவா இறந்தவங்க தட்டுலதான் முதல்ல பரிமாறுவாங்க, அவங்க நாற்காலியில யாரும் உக்கார மாட்டாங்க, போனை ஆஃப் பண்ணிடணும், சில வீட்ல இறந்தவங்களுக்கு ஒரு சீட்டு எழுதி மெழுகுவர்த்தியில எரிக்கவும் சொல்வாங்க, தமிழ்லயே எழுதுங்க. அழுகை வந்தா அழுங்க, அது பேச்சுல சேராது. சின்னக் குழந்தையைக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஆவியை உடம்புல இறக்குறது, போர்டு வச்சுக் கேள்வி கேக்குறது எதாவது இருக்கான்னு முதல்லயே கேட்டுடுங்க, இருந்தா சாப்பாடு முடிஞ்சதும் கிளம்பிடலாம், நல்ல வீட்ல தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

வருஷத் திதி முடியாம விசேஷத்துக்குப் போகலாமான்னா, இது கொண்டாட்டம் இல்ல, ஆனாலும் உங்க வீட்டுக்காரர்கிட்டயும் மாமனார்கிட்டயும் கேட்டுட்டுப் போங்க. அவங்க அம்மா, அவங்க சம்சாரம். வேணாம்னு சொன்னா மனஸ்தாபம் வேணாம், நவம்பர் 2 ராத்திரி வீட்லயே அந்தப் பழைய வழக்கத்தைச் செய்ங்க. கதவைத் திறந்து போட்டுத் தூங்காதீங்க, அது கிராமத்துக் காலம். மெழுகுவர்த்திக்குப் பதிலா பேட்டரி விளக்கு போதும். தண்ணிக் கிண்ணம் மட்டும் விட்டுடாதீங்க. காலைல அதை செடி வேர்ல ஊத்துங்க, ராத்திரியில ஊத்த வேணாம், இருட்டுல வெளியில தண்ணி வீசும் முன்னாடி 'பார்த்துப் போங்க'ன்னு சத்தம் கொடுத்துட்டு வீசின ஊர் அது, அந்தப் பக்கம் போய்ட்டிருக்கிற ஆத்மாக்கள் நனைஞ்சுடக் கூடாதுன்னு.