அன்ரியிடம் கேளுங்கள்: மாமாவின் அரிசி ஆலை எங்கே?

கேள்வி: அன்ரி, நான் எச்.என்.டி.ஏ. (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) முடித்து ஒன்றரை வருஷம். மட்டக்களப்பு, கல்முனை, கொழும்பு என்று 34 இடங்களுக்கு சீ.வி. அனுப்பிவிட்டேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அனுபவம் இல்லாததுதான் காரணமா? அறுவடைக் காலத்தில் மாமாவின் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான். என் சீ.வி.யை இத்துடன் அனுப்புகிறேன்.
– வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: மகள், உங்கட சீ.வி.யைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தேன். நாலு பக்கம். முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர், சமயம், உயரம், இரத்த வகை. இரண்டாம் பக்கம் முழுக்க சாதாரண தரத்தின் ஒன்பது பாடங்களும் பெட்டி கட்டி நிற்கின்றன. மூன்றாம் பக்கத்தில் எட்டாம் வகுப்பில் எடுத்த வலைப்பந்துச் சான்றிதழ். நாலாம் பக்கக் கடைசியில், மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழி. அந்த வசனத்தை நம்மட போட்டோகொப்பிக் கடைக் கம்பியூட்டர்கள் தாங்களாகவே அடித்துவிடும் போல.

அரிசி ஆலை எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன். எனக்கு எழுதிய கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். கணக்கு உதவியாளர் வெற்றிடம் ஒன்று வந்தால் மேசையில் சாண் உயரத்துக்கு சீ.வி. குவியும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒன்றுக்கு அரை நிமிஷத்துக்கு மேல் நான் கொடுத்ததில்லை. முதல் பக்கத்தின் மேல் பாதியில் வேலை தெரிந்தால் இந்தப் பக்கம், இரத்த வகை தெரிந்தால் அந்தப் பக்கம்.

பெரும்போகம் வெட்டுகிற நாட்களில் ஆலை வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் உங்கட பக்கம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்தவள்தான். உழவு மெசின் பெட்டிகள் வரிசை கட்டி நிற்கும். எடை, ஈரப்பதன் கழிவு (நெல்லின் ஈரத்துக்காகக் குறைப்பது), விதைப்புக்கு வாங்கிய முற்பணம், மிச்சக் காசு என்று ஆளுக்கொரு கணக்கு. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் வழமையாக ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆலைக்காரர் ஈர நெல்லையும் எடுப்பார், கழிவு போடுவார். அந்தக் கழிவை விவசாயியின் முகத்துக்கு நேரே கணக்குக் காட்டி, சண்டை வராமல் அனுப்பி வைக்கிற பிள்ளைக்கு அனுபவம் இல்லையாம்!

ஆகவே பெயர், தொலைபேசி, மின்னஞ்சலுக்கு அடுத்ததாக இதை வையுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேணும், விஷயத்தைத் தமிழில் சொல்கிறேன்: "கணக்கு உதவியாளர், தனியார் அரிசி ஆலை, கொக்கட்டிச்சோலை (அறுவடைக் காலங்களில்). ஒரு போகத்தில் இத்தனை விவசாயிகளின் கொள்வனவுக் கணக்கைப் பேணினேன். முற்பணம் கழித்து மிச்சம் கணித்தேன். தினமும் மாலையில் காசுப்பெட்டியைச் சரிபார்த்தேன்." 'இத்தனை' என்ற இடத்தில் ஆலைக் கொப்பியைப் பார்த்து உண்மையான எண்ணைப் போடுங்கள். கூட்டிப் போட்டால் நேர்முகப் பரீட்சையில் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும். மாமா சம்பளம் தரவில்லையே என்று யோசிக்க வேண்டாம். அது மாமாவின் பிழை.

மறுகா எச்.என்.டி.ஏ., அதற்குக் கீழே உயர்தரம். சாதாரண தரத்துக்கு ஒரே ஒரு வரி, கணிதமும் ஆங்கிலமும் போதும். வலைப்பந்தை விடுங்கள். இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

அடையாள அட்டை இலக்கத்தையும் எடுத்துவிடுங்கள். உங்கட 12 இலக்க அட்டையில் முதல் நாலு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். முன்பின் தெரியாத 34 கந்தோர்களுக்கு அதை ஏன் கொடுக்க வேணும்? வேலை கிடைத்த பிறகு கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம்.

உங்களைப் பற்றி விசாரிக்க உறவினரல்லாத இருவர் என்ற இடத்தில் கோயில் வண்ணக்கரை, அதுதான் கோயில் நிர்வாகம் பார்க்கிறவரை, போட்டிருக்கிறீர்கள். நான் ஒருமுறை இப்படி ஒரு வண்ணக்கருக்குப் போன் எடுத்தேன். "எந்தப் புள்ள? இஞ்ச அந்தப் பேரில நாலு பேர் இருக்காளுகள்" என்றார். அந்தப் பிள்ளையின் சீ.வி. அதோடு சரி. உங்களுக்குக் கணக்கியல் படிப்பித்த விரிவுரையாளரிடம் சொல்லி, சம்மதம் வாங்கிப் போடுங்கள்.

ஃபைலுக்கு 'நியூ டொக்கியுமென்ட் 2' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். உங்கட பெயரை வையுங்கள், பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள்.

கேள்வி: அரசாங்க வர்த்தமானியில் வந்த பதவிக்கும் இதே மாதிரி சீ.வி. அனுப்பலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கூடாது மகன். அங்கே உங்கட அழகுக்கு இடமில்லை. அறிவித்தலோடு மாதிரிப் படிவம் வந்திருந்தால், அதே வரிசையில், அதே இலக்கங்களோடு ஏ4 தாளில் தயாரியுங்கள். மேலே நான் வெட்டச் சொன்ன அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னால் பதிவுத் தபால்தான். தபாலுறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருப்பார்கள், அதை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் கூட. முடிவுத் திகதி என்பது கடிதம் அவர்கள் கையில் கிடைக்க வேண்டிய நாள். அன்று காலை தபால் கந்தோருக்கு ஓடி வேலையில்லை.