மேக் ப்ரோவா, நாமே அசெம்பிள் செய்த கணினியா?

வீடியோ எடிட்டிங்குக்கு ஆப்பிளின் மேக் ப்ரோ கணினியை வாங்கலாமா, நானே ஒரு கணினியை அசெம்பிள் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிளின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ இல்லாமல் உங்கள் வேலை நடக்காது என்றால் ஆப்பிள்தான். விண்டோஸில் அது கிடையாது. மற்றபடி, நானாக இருந்தால் அசெம்பிள்தான் செய்வேன்.

2019 டிசம்பரில் வந்த மேக் ப்ரோவின் ஆரம்ப விலை 5,999 டாலர். அதற்குக் கிடைத்தது 8 கோர் ஸியான் பிராசசர், 32 ஜிபி ரேம், வெறும் 256 ஜிபி எஸ்எஸ்டி. கணினிப் பெட்டியை உருட்டிப் போக அடியில் சக்கரம் வேண்டுமென்றால் இன்னும் 400 டாலர்! அதற்கு முந்தைய மாதம் வந்த ஏஎம்டி ரைசன் 9 3950எக்ஸ் பிராசசருக்கு 16 கோர், விலை 749 டாலர். சரி, அந்த மேக்கில் ரேமையாவது நாமே கூட்டிக்கொள்ள முடிந்தது. 2023 மாடலில் அதுவும் போயிற்று. ரேம், பிராசசர் சிப்போடு சேர்ந்தே வருகிறது, தனி கிராபிக்ஸ் கார்டும் போட முடியாது. இவ்வளவு பணம் கொடுத்தும் கை கட்டிப்போட்ட மாதிரி இருப்பதுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

அசெம்பிள் செய்யும்போது பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமானது கெட்டால் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். அப்புறம், ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. பில்களைப் பத்திரமாக வையுங்கள்.