சிவராத்திரியோடு போகாத பனி

கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதிக்குப் போகவிருக்கும் ஒரு தங்கச்சி, திருகோணமலை உவர்மலையில் இருந்து கேட்டிருக்கிறார்: "அக்கா, மார்ச் முதலாம் திகதி ஸ்காபரோவில் வந்து இறங்குகிறேன். சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும் என்கிறார் அம்மம்மா. அங்கேயும் அதற்குள் குளிர் முடிந்துவிடும்தானே? தடித்த ஜக்கெற்றுக்குக் காசைக் கரைக்க வேண்டுமா?"

அம்மம்மா சொன்னது திருகோணமலைக்குச் சரி. நான் இப்போது அம்மாவைப் பார்க்க வந்து உப்புவெளியில்தான் நிற்கிறேன். இன்று விடிய 24 பாகை. அம்மா கழுத்தில் மவ்ளரைச் சுற்றிக்கொண்டு, "மாசிப் பனி மச்சையும் துளைக்கும், உள்ளே வா" என்று என்னை முற்றத்தில் நிற்கவே விடவில்லை. ஸ்காபரோவில் 20 குளிர்காலத்துக்கு மேல் கண்டவள் நான். சிரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அங்கே மார்ச் என்பது குளிர்காலத்தின் வால். மாதம் பிறக்கும்போது பகலில் பூச்சியத்தை ஒட்டி நிற்கும், இரவில் −6, −7 என்று இறங்கும். மாதம் முடிகிறபோது பகலில் 7, 8 வரை ஏறும், இரவு மறுபடியும் பூச்சியத்துக்குக் கீழே. இது சராசரிக் கணக்கு. 2012 மார்ச்சில் 20 பாகையைத் தாண்டி, சனம் அரைக்கைச் சட்டையோடு திரிந்தது. 2025 மார்ச் கடைசியில் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒறிலியா, பீற்றர்பறோப் பக்கம், விழுந்த இடத்திலேயே ஐஸாகும் உறைமழை கொட்டி, மரங்கள் முறிந்து, லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் இல்லை. ஆகவே ஜக்கெற் வேண்டும். ஆனால் நான் பயப்படுத்த நினைப்பது குளிரைச் சொல்லி இல்லை. கடுங்குளிர் நேர்மையானது, −15 என்றால் இழுத்து மூடிக்கொண்டு போவோம். மார்ச்சின் தொல்லை, பூச்சியத்துக்கு மேலேயும் கீழேயும் நாளுக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதுதான்.

என் கதையைக் கேளுங்கள். 2004 மார்ச், நான் போய் மூன்றாவது கிழமை. ஒரு வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் ஜன்னலால் பார்த்தேன். நல்ல வெயில், மேகமே இல்லை. கீழே நடைபாதை கறுப்பாக நனைந்து மினுங்கியது. இரவு மழை பெய்திருக்கிறது, இனி நம்முடைய காலம்தான் என்று, திருகோணமலை என்.சி. வீதியில் வாங்கிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அது மழைத் தண்ணீர் இல்லை. ஓரத்தில் குவித்த ஸ்நோ முதல் நாள் வெயிலுக்கு உருகிப் பாதைக்குக் குறுக்கே ஓடி, இரவில் உறைந்து, கண்ணாடித் தகடு மாதிரிப் படிந்திருந்தது. கறுப்புத் தார் அப்படியே தெரியும், மேலே ஐஸ் இருப்பது தெரியாது. பிளாக் ஐஸ் என்று அங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். மூன்றாவது எட்டில் கால் முன்னே போக, நான் பின்னே போனேன். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு வெடித்தது. ஆறு கிழமை மாவுக்கட்டு. இடது கையால் புட்டுக்கு மாக்குழைக்கப் பழகியது அப்போதுதான். அந்த வேலை போனது போனதுதான்.

அதனால் ஜக்கெற்றைவிட முதலில் பூட்ஸைப் பாருங்கள். அடி இறப்பர் மெதுவாக, ஆழமான வெட்டுகளோடு இருக்க வேண்டும். நடை எப்படி என்றால், தம்பலகாமத்தில் மழை விட்ட நேரம் வரம்பில் நடப்போமே, அதேதான்: சின்ன எட்டு, பாதம் முழுக்கப் பதித்து, கை இரண்டும் வெளியே. பொக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு நடப்பவர்தான் முகம் குப்புற விழுவார்.

வீதிக்கு உப்புப் போடுவார்கள். அது −10க்குக் கீழே சோர்ந்துவிடும், மார்ச்சில் நன்றாக வேலை செய்யும். வேலை செய்த அடையாளம் உங்கள் பூட்ஸில் இருக்கும். நிலாவெளி உப்பளத்துக்குள்ளால் நடந்து வந்தவர் மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடு. தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டுத் துணியால் துடையுங்கள், போய்விடும்.

உறைமழையைப் பற்றியும் ஒரு சொல். மேலே ஒரு படை சூடான காற்று, கீழே நிலத்தோடு குளிர் காற்று. மேலே உருகிய துளி கீழே வரும்போது பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே விழும். கம்பி, கொப்பு, கார்க்கண்ணாடி எதில் பட்டாலும் பட்ட இடத்திலேயே இறுகிவிடும். மரமெல்லாம் பளிங்கில் செய்தது போல இருக்கும், அவ்வளவு வடிவு. அன்றைக்கு வெளியே போகாதீர்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். −5 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் உடம்புக்கு −13 போல இருக்கும். ஊரில் வாடைக் காற்று தோலைத் தொட்டுவிட்டுப் போகும். மார்க்கம் வீதியும் எக்ளிண்டனும் சந்திக்கிற பஸ் தரிப்பில் அது மூக்கையும் காதையும் தேடி வரும். காது மூடாத தொப்பி தொப்பியே இல்லை.

வீட்டுக்குள் வேறு கதை. ஹீற்றர் காற்றை உலர்த்திவிடும். உதடு வெடிக்கும், கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று கரண்ட் அடித்தது போல இருக்கும், சிலருக்கு மூக்கால் இரத்தம் வரும். பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் கொண்டுபோகிற தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும். நான் முதலில் கலப்படம் என்று நினைத்து அம்மாவோடு போனில் சண்டை பிடித்தேன். அகப்பையால் சுரண்டி எடுங்கள்.

இந்த உறைந்து இளகும் ஆட்டத்தால் லாபம் மேப்பிள் மரம் வைத்திருப்பவர்களுக்குத்தான். இரவில் உறைந்து பகலில் இளகினால்தான் மரத்தில் சாறு ஓடும். ஏறக்குறைய 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. நம்முடைய கித்துள் பாணிக்கு முன்னால் நிற்காது என்பது என் கட்சி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும்: வெளிச்சம். திருகோணமலையில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் மட்டில்தான். ரொறன்ரோவில் மார்ச் ஒரு மாதத்திலேயே பகல் ஒன்றரை மணித்தியாலம் நீண்டுவிடும். அத்தோடு மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். மாதம் தொடங்கும்போது பின்னேரம் ஆறு மணிக்கு இருட்டுகிற ஊர், மாத முடிவில் ஏழரைக்கும் வெளிச்சமாக நிற்கும். நீங்கள் அங்கே காலை ஒன்பதுக்கு வீட்டுக்குப் போன் எடுத்தால் அதுவரை இங்கே இரவு ஏழரை. பிறகு ஆறரை, அம்மா சாமிக்கு விளக்கேற்றுகிற நேரம். முதலே சொல்லிவையுங்கள்.

வெயிலைக் கண்டு ஜக்கெற்றைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள். ஏப்ரலிலும் ஸ்நோ கொட்டியிருக்கிறது. கடைகளின் வாகனத் தரிப்பிடங்களில் குவித்த ஸ்நோ, மார்ச் கடைசியில் கரிக்குவியல் மாதிரிக் கறுத்துப்போய்க் கிடக்கும். அது கரையக் கரைய, ஜனவரியில் தொலைந்த ஒற்றைக் கையுறையும் ரிம் ஹோட்டன்ஸ் கோப்பிக்கடைக் கோப்பையும் ஒவ்வொன்றாக வெளியே வரும். எனக்குக் குளிர்காலம் முடிந்ததற்கு அடையாளம் அந்தக் கையுறைதான்.

ஜக்கெற்றை இங்கே வாங்காதீர்கள். அங்கே பெப்ரவரி, மார்ச்சில் குளிர் உடுப்பை மலிவு விலைக்குத் தள்ளுவார்கள். விமானத்துக்கு ஒரு சுவெற்றர் போதும். கூட்டிப்போக வருகிறவரிடம் ஜக்கெற்றும் பூட்ஸும் கொண்டுவரச் சொல்லுங்கள். என் மகளுடைய பூட்ஸ் ஒரு சோடி வீட்டில் சும்மா கிடக்கிறது. உங்கள் கால் அளவை எழுதுங்கள், கொடுத்துவிடச் சொல்கிறேன்.