சம்பந்தியம்மா எங்கே நிற்பது? கேள்வி பதில்

பவானிசாகர் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் 19 வருடம் ஆற்றுப்படுத்துநராக, அதாவது மனம் நொந்தவர்களுக்கு ஆலோசனை சொல்பவளாக, இருந்தேன். நம் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலரா என்று கேட்பார்கள். ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லை முகாம் பெண்களிடம்தான் கற்றேன். போரில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களை உறவும் ஊரும் ஒதுக்குவது பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில்கள் இவை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார், எந்த முகாம் என்று யாரும் கேட்க வேண்டாம்.

கோபியிலிருந்து ஓர் அம்மா: எம்பையன் முகாமில் பிறந்த புள்ளையக் கட்டிக்கறேங்கறான். புள்ள தங்கமுங்க. ஆனா அவங்கம்மாவுக்குச் சண்டை நேரத்துல என்னமோ நடந்துச்சாம். கல்யாணத்துல சீர் செய்யறப்ப அந்தம்மா முன்னால வரக்கூடாதுன்னு எங்க பங்காளி வீட்டுல சொல்றாங்க. என்ன பண்றதுங்க அக்கா?

அம்மா, அவரை முன்னால் நிறுத்துங்கள். நீங்களே கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்துங்கள். மண்டபத்தில் இருநூறு பேர் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா அதைச் செய்தால், பங்காளி வீட்டுப் பேச்சு அன்றோடு பாதி அடங்கும்.

ஒதுக்குவது என்றால் ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொல்வது என்று நினைக்கிறோம். நான் பார்த்தது அப்படி இல்லை. வளைகாப்புக்கு அழைப்பு வராது. மஞ்சள் தட்டு அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போகும். 2021-ல் அரசு அகதிகள் முகாமை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. அதே முகாமுக்குள், சொந்தச் சனத்திடமே, இந்தத் தட்டு தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். இப்படிப் பத்து வருடம் நடந்தால் அந்தப் பெண் தானாகவே பின் வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். அப்புறம் "அவங்களே வர மாட்டேங்கறாங்க" என்போம்.

இப்போது அது மகள் வரைக்கும் வந்திருக்கிறது பாருங்கள். உலகம் முழுக்க இது இப்படித்தான் இறங்குகிறது. 2014-ல் ஈராக்கின் சிஞ்சாரிலிருந்து ஐஎஸ் பயங்கரவாதக் கும்பல் யாசிதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களை அடிமைகளாகப் பிடித்துப் போனது. தப்பி வந்தவர்களை ஊர் ஏற்க வேண்டும் என்று அவர்களின் மதப் பெரியவர் பாபா ஷேக் அறிவித்தார். லாலிஷ் கோயிலின் சுனை நீரால் பெண்களுக்குச் சடங்கு செய்து சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வாய் திறந்ததில் எத்தனையோ பெண்கள் வீடு சேர்ந்தார்கள். ஆனால் அந்தக் கொடுமையில் பிறந்த குழந்தைகளைச் சேர்க்க மாட்டோம் என்று 2019-ல் அவர்களின் மதப் பேரவை சொல்லிவிட்டது. பிள்ளையா, ஊரா என்று தாய்மார்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு பிறந்த அப்படிப்பட்ட குழந்தைகளைக் ‘கெட்ட நினைவின் பிள்ளைகள்’ என்றே அழைத்தார்கள்.

உங்கள் வீட்டில் அந்தப் பெரியவர் நீங்கள்தான்.

திருப்பூர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர்: முகாம் பெண் ஒருவரைப் பற்றி பவர் டேபிள் லைனில் பேசிக்கொள்கிறார்கள். அவரை அழைத்து விசாரிக்கலாமா?

கூடாது. பேசுகிறவர்களை அழைத்துக் கண்டியுங்கள். அவரை எதுவும் கேட்காதீர்கள்.

அந்தியூர்: வழக்குப் போட, நஷ்டஈடு கேட்க வழி உண்டா?

நான் வக்கீல் இல்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

தாராபுரம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர்: ‘கற்பழிப்பு’ என்ற வழக்குச் சொல் இருக்க, ஏன் சுற்றி வளைத்து எழுதுகிறீர்கள்? சொல்லை மாற்றினால் வலி மாறுமா?

ஐயா, வீட்டில் திருடு போனால் வீட்டுக்காரரை யாரும் தள்ளி வைப்பதில்லை. இந்த ஒரு குற்றத்தில்தான் செய்தவனை விட்டுவிட்டு, அவளிடமிருந்து என்ன அழிந்தது என்று சொல்லே கணக்குப் பார்க்கிறது. அழிந்துவிட்டது என்ற பிறகு அவளை எங்கே உட்கார வைப்பது? செய்தித்தாளில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போன பெண்ணை எனக்குத் தெரியும்.

மீண்டும் அவரே: சரி. ‘வல்லுறவு’ என்கிறீர்களே, அதில் ‘உறவு’ இருக்கிறதே, அது பொருந்துமா?

பொருந்தாது. நீங்கள் சொன்ன பிறகுதான் யோசித்தேன். நேற்றுவரை நானும் அப்படி எழுதியவள்தான். இனி ‘பாலியல் வன்கொடுமை’ என்றே எழுதுகிறேன். நன்றி ஐயா.

ஈரோடு, கல்லூரி மாணவி: இரண்டும் வேண்டாம், ‘வீராங்கனை’ என்று மரியாதையாக அழைக்கலாமே அக்கா?

அம்மிணி, செய்து பார்த்திருக்கிறார்கள். வங்கதேசத்தில் 1971 போரில் பாகிஸ்தான் படையும் அதன் கூட்டாளிகளும் வதைத்த பெண்கள் இரண்டு லட்சம் என்றும் நான்கு லட்சம் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். அந்த டிசம்பரிலேயே அரசு அவர்களுக்கு ‘பீராங்கனா’, அதாவது வீராங்கனை, என்று பட்டம் கொடுத்தது. ஊர் வாய் அதை ‘பாராங்கனா’ ஆக்கியது. அதற்கு வேசி என்று பொருள். பட்டமே அடையாளம் காட்டிக் கொடுத்தது. பட்டத்தை மறைத்து வாழ்ந்தவர்கள் ஏராளம். 2015-ல்தான் விடுதலைப் போராளிகள் என்ற அங்கீகாரமும் உதவித்தொகையும் வரத் தொடங்கின. அதற்குள் பலர் இறந்துபோனார்கள்.

அவருக்குப் பெயர் ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லி அழைத்தால் போதும்.

தமிழாசிரியர்: ஆக, சொல் மட்டும் போதாது என்று நான் சொன்னதும் சரிதானே?

சரிதான் ஐயா. கெட்ட சொல் கெடுக்கும். நல்ல சொல் மட்டும் காப்பாற்றாது.

மேட்டுப்பாளையம்: உங்கள் முகாமில் எத்தனை பேருக்கு நடந்தது? எந்த ஊர்க்காரர்கள்?

சொல்ல மாட்டேன்.

சத்தியமங்கலம்: அதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி. நம்ம பக்கம் அப்படி நடக்குமாங்க?

சத்தியமங்கலத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் வருத்தம். வீரப்பன் தேடுதலில் அதிரடிப்படை உங்கள் மலைக் கிராமங்களில் என்ன செய்தது என்று விசாரிக்க சதாசிவா குழு அமைந்தது. 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி இழப்பீடு தரச் சொன்னது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடிப் போன அரசு ஊழியர்கள் 18 பெண்களைச் சீரழித்தார்கள். சட்டப்படி அது போர் இல்லை. சீருடையும் துப்பாக்கியும் வந்து நின்றபோது அந்தப் பெண்களுக்கு என்ன வித்தியாசம்? 2011-ல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது, 2023-ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அத்தனை வருடமும் அந்தப் பெண்கள் கூட்டமாகப் போய்ச் சாட்சி சொன்னார்கள். ஊர் அவர்களோடு நின்றது.

மேட்டுப்பாளையம், மறுபடியும்: பெயர் வேண்டாம், ஊரை மட்டும் சொன்னால் உதவி செய்யலாமே?

மூன்று பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள். ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் வீடு தெரியும். பாதிக்கப்பட்டவரை அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் நம் சட்டத்தில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. உதவ வேண்டுமானால் முகாம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கோபி அம்மா: அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு பார்க்கப் போறோம். அந்தம்மாகிட்ட என்ன பேசறதுங்க? "எல்லாம் தெரியும், நாங்க ஒண்ணும் நினைக்கல"ன்னு சொல்லட்டுமா?

வேண்டாம். அதைச் சொன்னால் அந்தப் பேச்சு உங்கள் வீடு வரை வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பூவும் பழமும் எடுத்துப் போங்கள். முகாம் வீடுகள் சிறியவை, அதனால் நாலைந்து பேராகப் போங்கள். அவர் கையால் டீ கொடுப்பார், எல்லோரும் வாங்கிக் குடியுங்கள், உங்கள் பங்காளி வீட்டம்மாவும் சேர்த்து. கல்யாணத்துக்கு எத்தனை சேலை எடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.