இரண்டு மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி இரண்டரை வருடம் ஆகிறது, இன்னும் கரு தங்கவில்லை. மாதவிலக்கு 45, 50 நாள் தள்ளிப்போகும். வந்தால் எட்டு, ஒன்பது நாள் கட்டி கட்டியாகப் போகும். பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 14, ஹீமோகுளோபின் 9, புரோலாக்டின் கொஞ்சம் அதிகம். தைராய்டுக்கு 50 மைக்ரோகிராம் மாத்திரையும், கூடவே இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். நான்கு மாதமாக இரண்டையும் காலையில் எழுந்ததும் தவறாமல் போடுகிறேன். இப்போதும் டி.எஸ்.எச். 9.6. குழந்தை இல்லாததற்குத் தைராய்டுதான் காரணமா? புரோலாக்டினுக்காகத் தலையில் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? கர்ப்பமானதும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று அக்கா சொல்கிறார். அது சரியா?

பதில்: "இரண்டையும் காலையில் எழுந்ததும்" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அங்கே வருகிறேன். உங்கள் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினும் இரும்புச்சத்தும் வயிற்றுக்குள் சந்தித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் தைராய்டு மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. நான்கு மாதம் ஒருநாள் விடாமல் போட்டும் எண் இறங்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். டி.எஸ்.எச். குறையவில்லை என்று யார் வந்தாலும், அளவைக் கூட்டும் முன் "எப்படிப் போடுகிறீர்கள்?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேரிடம் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி, டீகூட வேண்டாம். இரும்புச்சத்தும் கால்சியமும் நான்கு மணி நேரமாவது தள்ளியிருக்கட்டும். மதியமோ இரவோ போடலாம். ஆனால் இரும்புச்சத்தை நிறுத்திவிடாதீர்கள். தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்கவும் இரும்பு வேண்டும். இப்படி ஆறு முதல் எட்டு வாரம் போட்ட பிறகு மறுபடி டி.எஸ்.எச். பாருங்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும்; அதனால் பத்து நாளில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. அப்போதும் எண் கூடுதலாக இருந்தால் 50 மைக்ரோகிராம் போதவில்லை என்று அர்த்தம். உங்கள் மருத்துவர் அளவைக் கூட்டுவார்.

இனி மாதவிலக்கு விஷயம். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. "இன்னும் சுர, இன்னும் சுர" என்று விரட்டும். அந்த விரட்டலில் டி.எஸ்.எச். ஏறுகிறது, அதே உந்துதலில் புரோலாக்டினும் கூடவே ஏறுகிறது. புரோலாக்டின் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன். பாலூட்டும் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறதே, அதே வேலையை உங்களிடமும் செய்து கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. முட்டை வராவிட்டால், கருப்பையின் உள்சுவரைக் கட்டுக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இல்லை. அந்தச் சுவர், அதைத் தடிக்கவைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை மட்டும் வைத்துக்கொண்டு தடித்துக்கொண்டே போய், ஒருநாள் தாங்காமல் கட்டி கட்டியாக உதிர்கிறது. அதனால் ரத்தசோகை, அதற்காக இரும்பு மாத்திரை, அந்த இரும்பு தைராய்டு மருந்தைத் தடுக்கிறது. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

ஆகவே தலை ஸ்கேனுக்கு இப்போது அவசரம் இல்லை. தைராய்டு சீரானதும் புரோலாக்டினை மறுபடி பாருங்கள், பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். இறங்காவிட்டாலோ, விடாத தலைவலி, பார்வைக் குறைபாடு இருந்தாலோ ஸ்கேன் எடுக்கலாம். ஆனால் ஒன்பது நாள் ரத்தப்போக்கு என்பதால் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஒன்று இப்போதே பார்ப்பது நல்லது. கருப்பையில் நார்த்திசுக் கட்டி, பாலிப் (உள்சுவரில் வளரும் சதை) எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம்.

குழந்தை இல்லாததற்குத் தைராய்டு வலுவான காரணம்தான். ஆனால் அது ஒன்றுதானா என்று இப்போது சொல்ல முடியாது. உங்கள் கடிதத்தில் இத்தனை பரிசோதனை இருக்கிறது. கணவருடையது ஒன்றுகூட இல்லை. ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரையும் சோதிக்க வேண்டும். விந்தணுப் பரிசோதனை ஊசி, வலி எதுவும் இல்லாத சுலபமான ஒன்று. அதை இந்த வாரமே செய்துவிடச் சொல்லுங்கள்.

அக்கா அன்பில் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கருவில் இருக்கும் குழந்தையின் தைராய்டு சுமார் 10 முதல் 12 வாரம்வரை ஹார்மோன் சுரக்கத் தொடங்குவதில்லை. அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு உங்கள் ரத்தத்திலிருந்து போவதுதான். அந்த நேரத்தில் மருந்தை நிறுத்தினால் கருச்சிதைவு, குறைப்பிரசவ அபாயம் கூடும். லெவோதைராக்சின் உடம்புக்குப் புதிய பொருளும் இல்லை. உங்கள் சுரப்பி தயாரிக்கும் அதே ஹார்மோன்தான். கர்ப்பம் உறுதியானதும் தேவை 25 முதல் 30 சதவீதம் வரை கூடும். வாரத்துக்கு 7 மாத்திரை போடுபவர்களுக்கு 9 ஆக்கச் சொல்வது வழக்கம். இதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போய் சோதனையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே அவருக்குச் சொல்லுங்கள். கர்ப்பத்தின் பாதிக்காலம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். பிரசவம் ஆனதும் பழைய அளவுக்குத் திரும்பலாம். தாய்ப்பாலுக்கும் இந்த மருந்து தடையில்லை.

டி.எஸ்.எச். 2.5-க்குக் கீழே வந்தபின் கர்ப்பத்துக்கு முயல்வது நல்லது. சில வாரம் பொறுங்கள். அதற்குள் கரு தங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மாதவிலக்கு குறைந்து, தீற்றலாக வரும்; படபடப்பு, எடைக்குறைவு இருக்கும். தைராய்டு சுரப்பைக் குறைக்கத் தரும் கார்பிமசோல் மாத்திரையால் முதல் மூன்று மாதத்தில் சிசுவுக்குக் குறைபாடு வர வாய்ப்பு உண்டு. நீங்களாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

வாசகிக்கு மீண்டும்: அடுத்த முறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடுங்கள். முடி உதிர்கிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது பரிசோதனை எண்ணைப் பொய்யாகக் காட்டும்.