பூட்டிய கதவுக்கு உள்ளே படம் எடுப்பது: கேள்வி பதில்

அருங்காட்சியகச் சேமிப்பறை, மணிக்கூண்டின் உள்பக்கம், நாடக மேடைக்கு அடியில் இருக்கும் அறை, ஓடாத ஆலை, சுரங்க வழி என்று பொதுமக்கள் கால் வைக்காத இடங்களைப் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: சார், அனுமதி கேட்டு மூன்று கடிதம் போட்டேன். பதிலே இல்லை. எங்கே தவறு?

பதில்: "உங்கள் கட்டடத்தைப் படம் எடுக்க ஆசை" என்று மட்டும் எழுதினால் படிப்பவரால் முடிவெடுக்க முடியாது. எந்த அறை, எத்தனை பேர், எவ்வளவு நேரம், ட்ரைபாட் உண்டா, ஃப்ளாஷ் உண்டா, படம் எங்கே வெளியாகும் என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஊழியர் ஒருவர் கூடவே இருக்கட்டும், வெளியிடும் முன் படங்களைக் காட்டுகிறேன் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துவிடுங்கள். தயக்கம் பெரும்பாலும் அங்கேதான் விலகும். மேலதிகாரிக்கு எழுதுவதோடு நிற்காமல் பராமரிப்புப் பொறுப்பாளரையும் போய்ப் பாருங்கள். சாவி பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கும். எந்த விளக்கு எரியும், எந்தப் படி ஆடும் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: ஆளே இல்லாத பாழடைந்த ஆலைக்கும் அனுமதி வேண்டுமா அண்ணா?

பதில்: கட்டாயம் வேண்டும். பாழடைந்தாலும் அதற்கு உரிமையாளர் உண்டு. அனுமதி பெற்ற பிறகும் தனியாகப் போகாதீர்கள். மரத்தளம் மேலே திடமாகத் தெரியும், அடியில் உளுத்திருக்கும்.

கேள்வி: 20 நிமிடம்தான் கொடுத்தார்கள். இவ்வளவு கெடுபிடி நியாயமா?

பதில்: பல இடங்களில் நியாயம்தான். பிரான்சின் லாஸ்கோ குகை 1948-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரமும் வெப்பமும் பாசியை வளர்த்து ஓவியங்களைக் கெடுத்ததால் 1963-இல் மூடப்பட்டது. நாம் உள்ளே நிற்பதே சில இடங்களுக்குச் சேதம். அதனால் எங்கே நிற்பது, எந்த லென்ஸ் என்பதை வாசலுக்கு வெளியிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

கேள்வி: கும்மிருட்டில் எத்தனை நொடி எக்ஸ்போஷர் (ஒளி பதியும் நேரம்) என்று எப்படிக் கணிப்பது? ஃபோகஸும் பிடிபடவில்லை.

பதில்: முதலில் ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400-இல் வைத்துச் சோதனைப் படம் எடுங்கள். லென்ஸின் துளை அளவு எஃப்/8-இல் 2 நொடி சரியாக வந்தால், ஐஎஸ்ஓ 100-க்கு 64 மடங்கு, அதாவது 128 நொடி. பல்ப் முறையில் (பொத்தான் அழுத்தியிருக்கும் வரை ஒளி பதியும் முறை), கேமராவைத் தொடாமல் இயக்கும் கேபிள் ரிலீஸோடு எடுங்கள். ட்ரைபாட் மேல் இருக்கும்போது லென்ஸின் நடுக்கக் கட்டுப்பாட்டை நிறுத்திவிடுங்கள். கேமராவில் நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் (படத்தில் விழும் தேவையற்ற புள்ளிகள்) குறைப்பு இயங்கினால், 2 நிமிடப் படத்துக்குப் பிறகு இன்னும் 2 நிமிடம் கேமரா கையைக் கட்டிப்போட்டுவிடும். நேரம் குறைவு என்றால் அதையும் நிறுத்தி, முடிவில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே நொடியில் ஒரு கறுப்புப் படம் எடுத்து வையுங்கள். பிறகு அதில் பதிந்த புள்ளிகளைக் கணினியில் மற்றப் படங்களிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஃபோகஸுக்கு, 2 மீட்டர் தள்ளி எரியும் டார்ச்சை வைத்து, திரையில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் பிடியுங்கள். முழுச் சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 20 மி.மீ. லென்ஸ், எஃப்/8 என்றால் ஏறத்தாழ 1 மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை தெளிவாக இருக்கும். பிடித்ததும் ஃபோகஸ் வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: டார்ச் அடித்து எடுத்தால் சுவர் தட்டையாகவும், நடுவில் வெள்ளைத் திட்டாகவும் வருகிறதே?

பதில்: கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அடிப்பதுதான் காரணம். அங்கிருந்து விழும் ஒளிக்கு நிழலே இருக்காது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பக்கவாட்டில் போய், சுவரை ஒட்டினாற்போல் சாய்வாக அடியுங்கள். செங்கல் செங்கலாகப் பூச்சு எழும்பி நிற்கும், ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அதன் நிழல்கூட நீளமாக விழும். டார்ச்சை ஓரிடத்தில் நிறுத்தாமல், சுண்ணாம்பு அடிப்பதுபோல் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே இருங்கள். 3 மீட்டரில் 5 நொடி போதுமென்றால், 6 மீட்டரில் இருக்கும் சுவருக்கு 20 நொடி வேண்டும். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகிவிடும். டார்ச்சின் முகப்பு மட்டும் ஒருபோதும் லென்ஸ் பக்கம் திரும்பக் கூடாது.

அறையில் மஞ்சள் குண்டு பல்பு எரிந்தால், வெள்ளை எல்இடி டார்ச் நீலமாகத் தெரியும். டார்ச்சின் முன் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு நிறத் தாள் ஒட்டுங்கள். பழைய குறை அழுத்த சோடியம் விளக்கு என்றால் எந்தத் திருத்தமும் உதவாது. அதன் ஒளி முழுக்க 589 நானோமீட்டர் மஞ்சளைச் சுற்றியே இருப்பதால் மற்ற நிறம் பதிவாகவே ஆகாது. அணைக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கறுப்பு வெள்ளைதான்.

கேள்வி: ஃப்ளாஷ் போட்டால் படம் முழுக்க வெள்ளை உருண்டைகள்!

பதில்: தூசிதான். உங்கள் காலடியில் கிளம்பியது. 10 நிமிடம் அசையாமல் இருந்துவிட்டு, ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் பிடியுங்கள். புறா எச்சம் காய்ந்து கிடக்கும் இடமென்றால் நுண்தூசியைத் தடுக்கும் எஃப்எஃப்பி3 முகமூடி இல்லாமல் நுழையவே வேண்டாம்.

கேள்வி: அங்கே வேலை செய்பவரையும் படத்தில் சேர்க்க விரும்புகிறேன். இவ்வளவு நீண்ட எக்ஸ்போஷரில் அவர் மங்கிவிடுகிறாரே?

பதில்: பழைய சிக்கல் இது. 1861-இல் பாரிஸ் நகரின் நிலத்தடி எலும்புக் கிடங்குகளை மின்விளக்கு ஒளியில் எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் நாடார் (Nadar), ஒரு படத்துக்கு 18 நிமிடம் வரை ஆனதால் தொழிலாளருக்குப் பதில் பொம்மைகளை நிறுத்தினார். நமக்கு வழி எளிது. அறையை நிதானமாக ஒரு படம், பிறகு ட்ரைபாடை அசைக்காமல் ஐஎஸ்ஓ 1600-இல் அவருக்கு மட்டும் தனி ஒளி கொடுத்து 1 நொடிப் படங்கள் ஐந்தாறு. முதுகைச் சுவரில் சாய்த்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அசையாத ஒன்றை எடுத்துச் சேர்த்துவிடலாம்.

கேள்வி: குளிர்பதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் மூடுபனிபோல் ஆகிறது.

பதில்: வெளிவரும் முன்பே, உள்ளே இருக்கும்போதே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். வெளியில் ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். பையின் வெளிப்பக்கம் வியர்க்கும், கேமரா தப்பிக்கும். மெமரி கார்டை மட்டும் முன்னதாகவே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கி எடுக்கலாமா?

பதில்: கூடாது. காற்றில் 20.9 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5-க்குக் கீழே போனாலே அது மனிதர் நுழையக் கூடாத இடம். அழுகிய முட்டை வாடை அடிக்கும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. மயங்கியவரைத் தூக்க இறங்குபவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். அகலக்கோண லென்ஸோடு கேமராவை நீண்ட கம்பில் கட்டி இறக்கி, மேலேயிருந்து ரிமோட்டில் எடுங்கள். எரிவாயு தேங்கியிருக்க வாய்ப்புள்ள இடத்தில் அதுவும் வேண்டாம். சாதாரணக் கேமராவும் ஃப்ளாஷும் பொறி கிளப்பலாம்.

கேள்வி: வெளியிடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: படக் கோப்பில் பதிவாகும் ஜிபிஎஸ் இட விவரத்தை நீக்குங்கள். பிறகு படத்தை 100 சதவீத அளவில் மூலை மூலையாகப் பாருங்கள்: அலாரப் பெட்டி, சுவரில் ஒட்டிய கடவுச்சொல், தேய்ந்த எண்கள் உள்ள பூட்டு, ஆணியில் தொங்கும் சாவிக்கொத்து. சாவியின் பல் தெளிவாகத் தெரிந்தால், படத்தைப் பார்த்தே இன்னொரு சாவி வெட்டிவிடலாம். மங்கலாக்கினால் போதாது, அந்த இடத்தையே வெட்டிவிடுங்கள்.