சியர்ஸ் என்றால் முதலில் முகம்

தம்பி, இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுநரைப் பார்த்து "சியர்ஸ் டிரைவ்" என்கிறார்களே, அது குடிக்கும்போது சொல்வதல்லவா என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், ஓட்டுநர் குடித்திருக்கவில்லை. பிரிட்டனில் அதற்கு "நன்றி" என்றும் பொருள். டிரைவரை டிரைவ் என்று வெட்டிச் சொல்வது அந்த ஊர்ப் பேச்சு.

நானும் ஏமாந்தவன்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பார்சலை வாங்கி வைத்திருந்து கொடுத்தேன். "சியர்ஸ்" என்றார். ஏதோ ஊற்றித் தரக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "எனக்குப் பழக்கமில்லை" என்றேன். மனிதர் விழித்தார்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் குடி அல்ல, முகம். பழைய பிரெஞ்சில் 'ஷியெர்' என்றால் முகம். ஸ்பானிய மொழியில் இன்றும் முகத்துக்கு 'காரா'தான்; இரண்டுக்கும் வேர் ஒன்று. 1200ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே பொருள். ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் காதல் நோயால் வாடியவளை 'பேல் ஆஃப் சியர்' என்பார்கள்: முகம் வெளுத்தவள். அப்புறம் முகத்திலிருந்து முகக்குறிப்பு, அதிலிருந்து மனநிலை, கடைசியில் நல்ல மனநிலை மட்டும் என்று பொருள் நகர்ந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் 'பி ஆஃப் குட் சியர்' என்று வருமிடத்தில் நம் பைபிள் "திடன்கொள்" என்கிறது. பிரெஞ்சுக்காரர்களோ முகத்திலிருந்து நல்ல வரவேற்புக்கும், அங்கிருந்து சாப்பாட்டுக்கும் போய்விட்டார்கள்; அவர்களிடம் 'நல்ல ஷேர்' (அதே பழைய 'ஷியெர்'தான்) என்றால் இப்போது நல்ல விருந்து. முகம் திரிந்து நோக்கக் குழையும் விருந்து என்று படித்த நமக்கு இது புரியாதா என்ன!

கோப்பையைத் தூக்கிச் சொல்வது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வழக்கம். நன்றி என்ற பொருள் இன்னும் புதிது, 1970களில்தான் எழுத்தில் தெரிகிறது. போய்வருகிறேன் என்பதற்கும் சொல்வார்கள், மின்னஞ்சலின் அடியிலும் போடுவார்கள்.

கதவைப் பிடித்துக்கொண்டவர், மீதிச் சில்லறை தருபவர், பஸ் ஓட்டுநர், இவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் வேண்டாம். யாராவது பெரிய உதவி செய்தாலும் 'தேங்க் யூ'தான் சரி, சியர்ஸ் அங்கே கொஞ்சம் அலட்சியமாக ஒலிக்கும். உங்களிடம் ஒருவர் சொன்னால் தலையசைத்தாலே போதும். என்னைப் போல் மதுவிலக்குப் பேசிவிடாதீர்கள்.